தபாலில் போய்விட்ட அம்மாவின் கோபம்

அண்ணா, இதை யாருக்கும் காட்டாதே. அறையில் கூட இருப்பவர்களுக்கும் வேண்டாம். பதில் எழுதும்போது அம்மாவிடம் மூச்சுக்கூட விடாதே. படித்ததும் கிழித்துவிடு.

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்காக ஜெபிக்கிறோம் என்று அம்மா தொடங்குவது போலத்தான் நானும் தொடங்க நினைத்தேன், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். பழுப்பு உறையில், என் கையெழுத்தில் விலாசம் எழுதிய கடிதம் ஒன்று உனக்கு வரும். தபால்தலை கோணலாக ஒட்டியிருக்கும். அதைத் திறக்காதே. நீ நம்பரை மாற்றிவிட்டுப் புதியதைத் தரவில்லை, இல்லாவிட்டால் இந்நேரம் போனிலேயே கத்திச் சொல்லியிருப்பேன். அது போய் நான்கு நாள் ஆகிறது. நாளைக் காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் இதை விரைவுத் தபாலில் போடுவேன். இது முந்த வேண்டும் என்று கண்ணை மூடி மூடிக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். நீ ஓட்டிய வண்டியிலிருந்து நம் தம்பி சின்னவன் விழுந்து இறந்து எட்டு மாதம் ஆகியும் அம்மா தூங்குவதில்லை. வந்தவர்கள் எல்லாம் தேவ சித்தம் என்று சொல்லிச் சொல்லி அவள் வாயையே அடைத்துவிட்டார்கள். கடைசியில் போதகர் எங்களை ஆலோசனைக்கு அனுப்பினார். ஆலயத்துக்குப் பின்னால் ஞாயிறு பள்ளி நடக்கும் அறையில், முன்பு நர்ஸாக இருந்த ஒரு அக்கா உட்கார்ந்து பேசுகிறார். அப்பாவுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. "ஜெபம் பண்ணினாப் போதாதா, அழறதுக்கு அப்பாயின்மென்ட் வேறயா?" என்றார். போதகர் விடவில்லை. "பல்லு வலிச்சா ஜெபமும் பண்றீங்க, டாக்டர்கிட்டப் போய் வாயையும் திறக்கிறீங்கள்ல, இங்கேயும் திறங்க" என்றார். முதல் வாரம் அப்பா வெளியே வண்டியிலேயே இருந்தார், இரண்டாம் வாரம் வாசற்படி வரை வந்தார், மூன்றாம் வாரம் உள்ளே வந்து சின்னப் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது நாற்காலியும் அவரோடு எழுந்து வந்தது. அம்மா சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று உடனே அழுதாள். அந்த அக்கா இரண்டையுமே நிறுத்தச் சொல்லவில்லை.

போன வாரம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே என்ன நடந்தது என்று இன்று இரவுச் சாப்பாட்டின்போதுதான் எனக்குத் தெரிந்தது. எதிரே ஒரு காலி நாற்காலியைப் போட்டு, பெரியவன் இதில் இருப்பதாக நினைத்துப் பேசுங்கள் என்றாராம். அம்மாவுக்கு வாய் வரவில்லையாம். "அப்ப எழுதுங்க. இது அனுப்புறதுக்கு இல்ல. கோபத்தைத் தேவனுக்கு முன்னால கொட்டுறது பாவமில்லம்மா. அடுத்த வாரம் கொண்டாங்க, சேர்ந்து வாசிச்சு, ஜெபம் பண்ணிக் கிழிச்சிடலாம்" என்றாராம். அம்மா எழுதி, உறையில் போட்டு, மேலே உன் பெயரையும் எழுதி வேதப்புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். உனக்கு வாரா வாரம் எழுதும் கடிதத்தை எங்கே வைப்பாளோ அதே இடத்தில். நானும் எப்போதும் போல எடுத்து, விலாசம் எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்று சாப்பிடும்போது அம்மா, "மனசுல இருந்ததையெல்லாம் எழுதிட்டேன், நாளைக்குக் கிழிச்சுப் போட்டா நெஞ்சு லேசாயிடும்" என்று சொல்லி, அதில் ஒரு வரியையும் அப்பாவிடம் சொன்னாள். அதை இங்கே எழுத மாட்டேன். நீ எதற்குப் பயந்து எங்கள் முகத்தைப் பார்க்காமலே ஊரைவிட்டுப் போனாயோ, அந்த வரிதான் அண்ணா. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஒருவேளை நீ திறந்துவிட்டிருந்தால், கிழிப்பதற்காக எழுதியது அது என்பதை மட்டும் மறந்துவிடாதே. அவள் இன்னமும் சாப்பாட்டு மேசையில் உன் தட்டையும் எடுத்து வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே கொண்டுபோகிறாள். ஜெபத்தில் முதலில் வருவது உன் பெயர்தான். இன்னொன்று. அன்றைக்குச் சின்னவன் தொணதொணப்புத் தாங்காமல், "போடா, அண்ணனோட ஒட்டிக்கிட்டுப் போ, நான் படிக்கணும்" என்று விரட்டியது நான். எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். நாளைக்கு அந்த அக்காவிடமும் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன், தைரியம் வந்தால். அதனால் நீ தனியாகச் சுமக்காதே, பாதி என்னுடையது.

அம்மா எழுதுவதையே நானும் எழுதி முடிக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. வேலையில் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவசரப்படாதே. கர்த்தர் உன் கூடவே இருந்து கண்ணை மூடித் தூங்க வைப்பாராக. பழுப்பு உறை, மறந்துவிடாதே.

உன் தங்கை

பக்கத்து அறையில் விளக்கைப் போட்டிருக்கிறார்கள். அம்மா நாளைக்கு அந்த அக்காவிடம் போகப் பை எடுத்து வைக்கிறாள் போலிருக்கிறது. வேதப்புத்தகத்தின் தாள்கள் புரளும் சத்தம் கேட்கிறது. முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். இப்போது நின்றுவிட்டது.

கதவைத் தட்டுகிறாள், அண்ணா. "அண்ணனுக்கா எழுதுறே? ஒட்டிடாதே. அடியில எனக்குக் கொஞ்சம் இடம் விடு" என்கிறாள். குரலில் இருப்பது கோபமா அழுகையா தெரியவில்லை. தாளில் இன்னும் பாதி இடம் இருக்கிறது