வெனிங் சொன்ன ‘இங்கி’

மார்ச் 6

‘இதுவரைக்கும் புரிஞ்சுதா, ம்பாக்?’

யோக்யா ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெஸ்தி என் மருமகள் வெனிங்கிடம் கேட்ட இந்தக் கேள்வி மதியத்திலிருந்து மனதில் ஓடுகிறது. வெனிங் தலைகுனிந்து ‘இங்கி’, அதாவது மரியாதையாய் ‘ஆமாம்’, என்றாள். ஸ்கேன் செய்த வயிற்றைத் துடைத்தபடி இன்னொரு முறை ‘இங்கி’.

ஐந்தாம் மாதம். தொடை எலும்புகள் குட்டையாய் வளைந்திருக்கின்றன. நெஞ்சுக்கூடு மிகக் குறுகல். பிறந்தாலும் தங்காது. டாக்டர் அதை நாசூக்காக, ‘இந்த மாதிரிக் குழந்தைக்கு வெளிவாழ்க்கை ஒத்துக்காது’ என்றார்.

மார்ச் 9

மகன் காலிஹ் சமையலறைக்கு வந்தான். ‘அவளுக்கும் தெரியும், இபு. கிளறாதீங்க.’ சரி என்றேன்.

மார்ச் 15

வெனிங் வேளை தவறாமல் நெத்திலி வறுத்துத் தின்கிறாள். பாலும் குடிக்கிறாள். சாப்பிடுகிறாளே, அதுவரை நல்லது.

மார்ச் 22

இன்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

‘இபு, ஏழாம் மாசச் சடங்குக்கு ருஜாக், பழமும் மிளகாயும் நானே இடிக்கிறேன். ருசியா வந்தா பொண்ணாம், சப்புனு வந்தா பையனாம், பக்கத்து வீட்டு தூமினி சொல்றாங்க. அதுக்குள்ள எலும்பும் நீண்டுடும்ல?’

நெத்திலி எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் வகுப்பில் நின்றவள் நான். பிள்ளைகள் ‘இங்கி’ என்றால் காதில் விழுந்தது என்றுதான் அர்த்தம். விளங்கியது என்றல்ல. டாக்டரும் ஜாவாக்காரர்தானே? எல்லோரும் அந்த ஒரு சொல்லை எங்கள் வசதிக்கு எடுத்துக்கொண்டோம்.

‘டாக்டர் என்ன சொன்னாங்க? உன் வாயால சொல்லு, ந்துக்.’

‘எலும்பு குட்டை. வெளிய வந்தா ஒத்துக்காது, நோஞ்சானா இருக்கும், பத்திரமா வளக்கணும்னு.’

கண்ணாடி டம்ளருக்குள் பலூனை விட்டு ஊதினால் எவ்வளவு பெருக்கும் என்று கேட்டேன்.

‘டம்ளர் அளவுக்குத்தான்.’

‘நெஞ்சுக்கூடு அந்த டம்ளர். நுரையீரல் பலூன்.’

அவளுக்கு விளங்கிவிட்டது. என் உதாரணம் ஒன்று பலித்ததற்காக நான் இப்படி வருந்தியதில்லை.

‘எல்லாருக்கும் தெரியும். நான் மட்டும் நெத்திலி தின்னுட்டு இருந்தேன். வேடிக்கை பாத்தீங்க!’

மார்ச் 23

வெனிங் கதவைத் திறக்கவில்லை. வைத்த சோறு வாசலிலேயே இருக்கிறது. நான் என்ன செய்ய?

ஏப்ரல் 2

மறுபடியும் டாக்டரிடம். இம்முறை வெனிங்தான் பேசினாள். அதுக்கு வலிக்குமா? மூச்சுக்குத் தவிக்குமா? வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். கர்ப்பத்தை இப்போதே முடிப்பதாக இருந்தால் மருத்துவர் குழு கூட வேண்டும் என்றும் சொன்னார்.

‘வேணாம். இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். பொறந்ததும் குழாய் எதுவும் போடாதீங்க, எங்கிட்டக் குடுத்துடுங்க.’

காலிஹ் வராந்தாவுக்குப் போய் அழுதான்.

ஏப்ரல் 25

சடங்கு வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ‘அதுக்குக் கெடைக்கிற விருந்து இது ஒண்ணுதான், இபு’ என்றாள் வெனிங்.

ருஜாக்கை வாயில் போட்டதும் தூமினி, ‘சப்புனு இருக்கே! பையன்தான் போ. இல்லேன்னா உனக்கு இடிக்கத் தெரியல’ என்றாள். வெனிங் சிரித்தாள். மிளகாயைக் காரணம் காட்டி நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

ஜூன் 19

பையன். வெனிங் மார்பில் போட்டுக்கொண்டாள். புதிதாய் வந்த நர்ஸ் குழாயை எடுத்ததும், ‘வேணாம், சுஸ்தர்’ என்று நிமிர்ந்து சொன்னாள். காலிஹ் காதில் பாங்கு சொன்னான். ஜன்னலிலிருந்து வெயில் நகர்வதற்குள் பிள்ளை அடங்கிவிட்டான்.

ஜூன் 20

அடக்கம் முடிந்தது. வேறு எழுத முடியவில்லை.

ஜூன் 24

வந்தவர்கள் எல்லோரும் ‘பொறுத்துக்கோ, மனசார விட்டுடு’ என்றார்கள். எல்லோருக்கும் வெனிங் ‘இங்கி’ என்றே பதில் சொன்னாள். எந்த ‘இங்கி’ என்று இப்போது எனக்குத் தெரியும்.

தூமினி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, ‘பேர் என்ன வச்சே, ந்துக்?’ என்றாள்.

‘ரெஸ்பாதி’ என்றாள் வெனிங். ‘மூக்கு அப்படியே இவரோடது. என் விரலைப் பிடிச்சான், தெரியுமா?’

மதியச் சாப்பாடு வரை பேசினாள்.

இதை யாராவது படித்தால்: பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போகும்போது, பிள்ளையின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.