கிசுகிசுக்க ஆளில்லாத வகுப்பு

அன்புள்ள ரலிட்சா,

நான் நலம். அங்கே நம்மூர் விடினில் பனி விட்டதா? உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி?

லிஃப்ட் மெக்கானிக் பரீட்சைக்காக பிழைக்க வந்த இந்த மொடேனாவில் சனிக்கிழமை கணக்கு வகுப்புக்குப் போகிறேன். நேற்று என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார்கள். 5/x − (x−2)/3x. பகுதியை 3x ஆக்கி, மேலே 15−x−2 என்று எழுதினேன்.

"சரியா பாருய்யா" என்றார் வாத்தியார்.

நம்மூர் வழக்கப்படி, பின்னாலிருந்து யாராவது விடையைக் கிசுகிசுப்பார்கள் என்று காத்து நின்றேன். பதினெட்டு பேரில் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. சீ, இதெல்லாம் ஒரு வகுப்பா! கடைசியில் வாத்தியாரே −2-ஐ அழித்து +2 போட்டார்.

அடுத்து வந்த அல்பேனியப் பெண்ணும் அதே தப்பைச் செய்தாள்.

"அடைப்புக்குறி போடும்மா, மைனஸ் ரெண்டுக்கும் சேரும்" என்று கிசுகிசுத்தேன்.

"காப்பியடிக்கக் கத்துக்குடுக்கிறியா? வெளியே போ!" என்றார் வாத்தியார். அந்தப் பெண்கூட என்னைத் திருடனைப் போலப் பார்த்தாள். த்தூ!

கம்பளி சாக்ஸும் உன் மிளகாய் விழுது இரண்டு பாட்டிலும் அனுப்பு. இங்கே விற்பது வாயில் வைக்க விளங்கவில்லை.

ஏழாம் வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்து உதடு அசையாமல் எனக்கு விடை சொல்வாயே? அடுத்த வாரக் கணக்கு: 4/x − (x−3)/2x. விடை எனக்குத் தெரியும். இருந்தாலும் உன் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி அனுப்பு.

பஸ் வந்துவிட்டது.

உன்,
ஓக்னியான்