தர்ஷிக்கும் வெள்ளை டீ-சர்ட்

செப். 10, புதன்

விடியும்போதே தூறல். ஒன்பது நாள் கழித்துக் குழாயில் ஆற்றுத் தண்ணீர் விட்டான். குடம், பக்கெட் எல்லாம் நிரப்பிவிட்டு வந்தால் இட்லிப் பானை அடிபிடித்துக் கிடக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு டீ-சர்ட் வந்துவிட்டதாம். குழந்தைகள் புற்றுநோய்க்காக வருடாவருடம் நடத்துவது. ரேஸ்கோர்ஸில், மூன்று கிலோமீட்டர். சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கு மஞ்சள், மற்றவர்களுக்கு வெள்ளை. போன மாத செக்கப்பில் டாக்டரம்மா நேராகத் தர்ஷியிடமே கேட்டார். அவளும் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சரி என்றுவிட்டாள். ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடம் மருந்து. அது முடிந்து ஒன்றரை வருடம். இப்போது பதினொன்று. ஓடட்டுமே.

இவர் போய் வாங்கி வந்தார். மூன்றும் வெள்ளை. ஃபாரத்தில் ‘ஆதரவாளர் குடும்பம்’ என்று எழுதிக் கொடுத்தாராம். ஏன் என்றேன்.

“மஞ்சளப் போட்டு நிக்கறத எவனாச்சும் போட்டோ எடுத்துப் போட்டான்னா? நாளைக்கு அம்மணியக் கட்டிக் குடுக்க வேண்டாமா?”

ஆறாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இப்போதே மாப்பிள்ளைக் கவலை. எரிச்சலில், துவைத்துக் காயப்போட்ட துணியை எடுத்து மறுபடி துவைத்தேன்.

செப். 11, வியாழன்

வாங்க: ராகி மாவு, கொத்தமல்லி, தர்ஷிக்கு ஷூ (பழையது குதிகாலைக் கடிக்கிறது). காஸ் புக் பண்ண வேண்டும்.

டீ-சர்ட்டைத் தர்ஷி விரித்துப் பார்த்தாள். ஜெனி மஞ்சள் போடுவாள் என்றாள், அவ்வளவுதான். ஜெனி வார்டில் பக்கத்துக் கட்டில், பொள்ளாச்சிப் பெண். முதுகில் ஊசி போடும் நாட்களில் இவள் கையை அவள் பிடித்துக்கொள்வாள், அவள் கையை இவள்.

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நோய் இன்னதென்று தெரிந்த வாரம், ஊரில் மஞ்சள்காமாலை என்று சொல்லச் சொன்னது நான். இவர் இல்லை. முடி கொட்ட ஆரம்பித்ததும் பழனிக்கு வேண்டுதல் என்று சொன்னதும் நான். அப்பாவும் மகளுமாகப் போய் மொட்டை போட்டு வந்தார்கள். தெருவுக்கும் சொந்தத்துக்கும் வீடு வீடாகப் பஞ்சாமிர்தம் கொடுத்தேன். முளைத்த முடி மறுபடி கொட்டியபோது, வேண்டிக்கொண்டது மூன்று மொட்டை என்றேன். சாமி பெயரில் பொய். அப்போது பயம். பிள்ளை பிழைப்பாளா என்பதே தெரியாதபோது ஊர் வாயையும் சேர்த்துத் தாங்க முடியாது என்று பட்டது. இப்போது என்ன பயம்? இவர்மேல் மட்டும் பாய்கிறேன்.

செப். 12, வெள்ளி

வெயில். தலைவலி.

இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். நங்கையா, அதாவது இவருடைய அக்கா, ஞாயிறு விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஓட்டம் இருக்கிறது, வர முடியாது என்று இவர் உளறியிருக்கிறார். எதற்கு ஓட்டம் என்று கேட்டதற்கு, யாரோ பாவப்பட்ட குழந்தைகளுக்கு என்றாராம். யாரோ. நங்கையா உருகிப்போய்விட்டார். கருமத்தம்பட்டியில் அவர்களுடைய தறி செட்டிலிருந்து பதினோரு பேர் வேனில் வருகிறார்களாம், புண்ணியத்துக்கு.

அப்படியானால் நாம் போகவே வேண்டாம் என்று கத்தினேன். உள்ளேயிருந்து தர்ஷி வந்தாள்.

“நா ஓடறேம்மா. யாருகிட்டயும் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்.”

செப். 13, சனி

ஆர்.எஸ்.புரம். ஷூவுக்கு நாலு கடை, வண்டி நிறுத்த இடம் தேடி அரை மணி. நங்கையாவிடமிருந்து மூன்று போன், எல்லாம் தக்காளி சாதமா புளி சாதமா என்று. இவர் இன்னும் பதினோரு வெள்ளைக்கு ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்.

ஒரு மஞ்சள் எடுத்து வையுங்கள் என்று சொல்ல ஆஸ்பத்திரி நம்பரை அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். சீ, என்ன ஜென்மம்.

செப். 14, ஞாயிறு

ஐந்தரைக்கே ரேஸ்கோர்ஸ். மைக்கில் பாட்டு, காது கிழிகிறது. நங்கையா பட்டுப் புடவைக்கு மேல் டீ-சர்ட் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மஞ்சள் போட்ட பிள்ளைகள் வரிசையாகப் போனபோது கண் கலங்கிவிட்டது அவருக்கு. தர்ஷியின் தலையைத் தடவினார்.

“நம்ம கண்ணுக்குப் பழனியாண்டவன் ஒரு கொறையும் வெக்கலெ. மூணு மொட்டை சும்மாவா?”

இவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். ஏற்கெனவே கட்டியிருந்த கயிறு.

அப்போதுதான் ஜெனி ஓடி வந்தாள். நன்றாக வளர்ந்திருக்கிறாள், தோள்வரை முடி. வந்த வேகத்தில் தர்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரு கண்ணு இந்தப் பாப்பா என்று நங்கையா கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தர்ஷி கையை விடுவித்துக்கொண்டாள்.

“தெரியலீங்கத்தை. வேற யாரோன்னு நெனச்சுட்டா போல.”

ஜெனி அவளைப் பார்த்தாள். வெள்ளை டீ-சர்ட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேன் நிற்கிற பக்கம் பார்த்தேன். ஜெனி திரும்பி நடந்து போய்விட்டாள்.

தர்ஷி மூன்று கிலோமீட்டரும் நிற்காமல் ஓடினாள். மெடல். தக்காளி சாதம். குரூப் போட்டோ. அடுத்த வருடம் இரண்டு வேன் பிடிக்கலாம் என்கிறார் நங்கையா. வரும்போது காரில், ஜெனியைப் பார்த்தீர்களா என்று இவரிடம் கேட்டதற்கு ரோட்டைப் பார்த்து ஓட்ட விடு என்றார்.

செப். 15, திங்கள்

மழை இல்லை. காஸ் வரவில்லை.

பள்ளிக்குச் சடை பின்னும்போது தர்ஷி கேட்டாள்.

“நேத்து நா கரெக்டாத்தானம்மா சொன்னேன்? அத்தைக்குச் சந்தேகமே வல்லியே?”

கணக்கில் நூறு வாங்கி வந்தால் எப்படிக் கேட்பாளோ அதே குரல். பின்னினதை அவிழ்த்து முதலிலிருந்து பின்னினேன். பஸ் வந்துவிட்டது. என்ன சொல்ல? பழக்கிவிட்டவளே நான்தானே.

பத்து மணிக்கு ஜெனியின் அம்மாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். நடந்தது முழுவதையும் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவர் முந்திக்கொண்டார். கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

“பரவால்லீங்க்கா. ஜெனிதான் ராத்திரியெல்லாம் கேட்டுட்டே இருந்தா. முதுகுல போட்ட ஊசில தர்ஷிக்கு எல்லாம் மறந்துபோச்சாம்மான்னு. அப்படிங்களா?”

ஆமாங்க, கொஞ்சம் மறதிதான், என்று சொல்லிவிட்டேன்.