வீட்டுக்குள் செருப்பு

பிப்ரவரி 9, திங்கள்

காலை 6.20. பனி. எதிர்வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை.

சர்க்கரை, வெறும் வயிறு (இனி வெ.வ.) 171.

தினம் இந்த அளவை மட்டும் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார் ஆஸ்பத்திரி சிஸ்டர். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு இருபத்தேழு வருஷமாக டைம் கீப்பர் நான். வந்த நேரம், போன நேரம், லேட்டுக்குக் காரணம். அந்தக் கை ஒரு எண்ணை எழுதிவிட்டுச் சும்மா இருக்குமா?

நேற்று விழுப்புரத்தில் டிஸ்சார்ஜ் 3.15. வீட்டு வாசல் 4.25. வாடகைக் கார். கூட்டேரிப்பட்டில் டீ, சர்க்கரை இல்லாமல். வழியில் எதிரே வந்த நம் பஸ்கள் ஏழு. அதில் இரண்டு லேட். என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் தூங்குகிறான் போல.

ஆஸ்பத்திரியில் பதினாறு நாள். போனது இடது கால் சுண்டுவிரல். காரணம் ஒரு ஜல்லிக்கல். ஷூவுக்குள் ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் இரண்டு பாதமும் மரத்துப்போய் வருஷக் கணக்காகிறது. முதலில் பாதத்தையே எடுக்க வேண்டும் என்றார்கள். பிறகு விரலோடு விட்டது. கிளம்பும்போது டாக்டரம்மா சொன்னது: இன்னொரு புண் வந்தால் விரலோடு நிற்காது.

ஆனாலும் என் தலையணை. என் ஃபேன், அதன் கடகட. பக்கத்துக் கட்டிலில் யாரும் இருமவில்லை. அப்பாடா.

மனைவி சாந்தி ஊரில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் மகளுக்கு இன்றோ நாளையோ பிரசவம். பதினாறு நாளும் என்னோடு தரையில் படுத்துக் கிடந்தவளை நான்தான் விரட்டினேன். அவளுக்குப் பதில் கிளியனூரிலிருந்து அஞ்சலை அக்கா வந்திருக்கிறாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கொண்டுவந்தது ஒரு பை கேப்பை மாவு, ஒரு பை மல்லாட்டை, வேர்க்கடலைதான். மல்லாட்டை எனக்கில்லை என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

மாலை. ஆஸ்பத்திரித் தாளில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றாள். எல்லாம் இங்கிலீஷ். நாலு தாள், ஒரு குண்டூசி. ஊசியைப் பிடுங்கிவிட்டுத் தாளைப் பிரித்துப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஒரு விரலை மடக்கினாள்.

மாத்திரை, ஊசி வேளைக்கு.
கட்டு நனையக்கூடாது.
உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைக்கணும்.
தினம் இரண்டு உள்ளங்காலையும் யாராவது பார்க்கணும்.
அடுத்த திங்கள் கட்டு மாற்ற வரணும்.

ஐந்து விரலும் மடங்கிவிட்டது. "அவ்ளோதானா? நான் பாத்துக்குறேன் போ" என்றாள்.

அவ்வளவு இல்லை. தாளில் ஆறு இருக்கிறது. ஐந்தாவதை நான் படிக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

பனி குறைவு. வெ.வ. 164.

கேப்பைக் கூழ், ஒரு துண்டு எலுமிச்சை ஊறுகாய். உப்பு கம்மி. அக்கா கையில் உப்பு கம்மியாவது உலக அதிசயம்.

பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் ஆப்பிளோடு வந்தார். காலைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. வாசலில் தன் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது: "வெரல் தானாம். கால்னு சொன்னாங்களே." மன்னிக்கணும், ஏமாற்றிவிட்டேன்.

ஐந்தாவது இதுதான்: வீட்டுக்குள்ளும் செருப்பு. வெறுங்கால் ஓர் அடிகூடக் கூடாது. அதற்கென்றே எம்.சி.ஆர். என்ற ரப்பர் செருப்பு கொடுத்து அனுப்பினார்கள். கறுப்பு, மெத்து மெத்தென்று, கட்டுக்கு மேலேயே ஒட்டுப்பட்டை போட்டுக்கொள்ளலாம். முந்தாநாள் வந்து இறங்கியதும் வாசல்படியில் கழற்றி ஓரமாக வைத்தவன் நான்தான். யாரும் சொல்லவில்லை. கால் தானாகக் கழற்றிவிட்டது.

அக்காவிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் ஊரில் பெரிய தெரு என்று ஒன்று. அப்பாவுக்கு ஒரு ஜோடி டயர் செருப்பு உண்டு. தெருமுனை வந்ததும் கழற்றிக் கையில் தூக்கிக்கொள்வார். தெருவைத் தாண்டித்தான் மறுபடி காலில். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். அக்காவுக்குக் கல்யாணம் வரைக்கும் செருப்பே கிடையாது.

ஒன்பது வருஷம் முன்னால் இந்த வீட்டைக் கட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதல் காங்கிரீட் வீடு, டைல்ஸ் போட்டது. குடிபோன அன்றைக்கு அக்கா வாசல்படியில் நின்று செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். "அந்தத் தெருவுல அவங்க சொல்லி கழட்டனோம். இது நம்ம வூடு. நாமளா கழட்டறோம்" என்றாள். அன்றிலிருந்து மருமகனானாலும் கேஸ் சிலிண்டர்காரனானாலும் செருப்பு வெளியேதான். சாந்திகூட அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

அந்த வாயிடம் போய், நான் மட்டும் செருப்போடு உள்ளே நடக்கிறேன் என்று எப்படிச் சொல்ல?

தரையைத் தினம் இரண்டு முறை துடைக்கிறாள். சோறு போட்டுச் சாப்பிடலாம். என்ன வந்துவிடப் போகிறது? பின்பக்கம் பாத்ரூமுக்குப் போட்டுக்கொள்கிறேன், அது போதும்.

பிப்ரவரி 11, புதன்

வெ.வ. 158. இறங்குகிறது. வெயில் நன்றாக வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து போன். என் இடத்து ஆள். 9.10 புதுச்சேரி வண்டிக்கும் 9.12 வண்டிக்கும் சண்டையாம், பேஜாராகிவிட்டதாம், என்ன செய்வது என்று கேட்டான். முதல் வண்டியைப் பார்த்து விசிலை ஊது, இரண்டாவது டிரைவர் முகத்தைப் பார்க்காதே என்றேன். வைத்தபின் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. நான் இல்லாமல் ஓடவில்லை.

வாங்க வேண்டியது: பஞ்சு, டேப், பாகற்காய். அக்கா இரண்டு கிலோ பாகற்காய் என்கிறாள். நான் என்ன பாவம் செய்தேன்?

மாலை 6.30. முகம் பார்க்கும் கண்ணாடியோடு அக்கா வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டு, நாலாவது சொன்னியே, பார்க்கணும் என்றாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். மூத்தவள் என் காலைத் தொடுவதா? கால் பட்டாலே தொட்டுக் கும்பிட வேண்டியவன் நான். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கண்ணாடியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள்.

பார்த்தேன். ஒரு பக்கம் தொப்பை தடுக்கிறது, ஒரு பக்கம் மூக்குக் கண்ணாடி நழுவுகிறது. இடது காலின் கட்டு தெரிந்தது. வலது காலில் விரல்கள் தெரிந்தன, குதிகால் தெரியவில்லை. அது நல்ல கால்தானே.

பார்த்தாச்சு என்று குரல் கொடுத்தேன். பார்த்தது பாதி.

பிப்ரவரி 12, வியாழன்

வெ.வ. 161.

9.40. அக்கா பெருக்கிக்கொண்டே வந்தவள் ஹாலில் நின்றுவிட்டாள். வெள்ளை டைல்ஸில் சிவப்பாகப் புள்ளி. கட்டிலிலிருந்து தண்ணீர்க்குடம் வரைக்கும், அங்கிருந்து டி.வி. வரைக்கும், கோலத்துக்கு வைத்த மாதிரி. புள்ளி புள்ளியாகப் பார்த்துக்கொண்டே வந்து என் நாற்காலி முன்னால் நின்றாள்.

"டேய் கலியா. கால தூக்கு."

இந்த முறை இழுக்கவில்லை. வலது குதிகால். நல்ல கால். உள்ளே ஒரு குண்டூசி. தலை மட்டும் வெளியே தெரிகிறது.

எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயம். எப்போது ஏறியது? நேற்றா? முந்தாநாளா? அக்கா பிடுங்கப் போனாள், வேண்டாம் என்றேன். சுத்தமான துணியைச் சுற்றி, அதே காருக்குப் போன்.

10.25 கிளம்பியது. ரெட்டணை ரோடு திரும்பும் இடத்தில்தான் உறைத்தது, அது எந்த ஊசி என்று. திங்கட்கிழமை தாளிலிருந்து நானே பிடுங்கிக் கட்டில் மேல் போட்ட ஊசி. ஐந்தாவதை மறைத்துப் படித்த அந்தத் தாளின் ஊசி. விழுப்புரம் வரைக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. இரண்டு காலும் போனால் விசிலை எங்கே நின்று ஊதுவது என்று மட்டும் தோன்றியது.

மற்றது நாளை.

பிப்ரவரி 13, வெள்ளி

வெ.வ. 169. பயத்தில் ஏறியதாக இருக்கும். லேசான மேகம்.

பிழைத்தேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நேற்று எக்ஸ்ரே எடுத்தார்கள். ஊசி எலும்புக்குப் போகவில்லை. சீழ் இல்லை. எடுத்து, கழுவி, ஒரு டி.டி. ஊசி, ஏழு நாள் மாத்திரை. படுக்கை வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டைம் கீப்பர் அழுது எந்த டிரைவரும் பார்த்ததில்லை, நல்லவேளை அங்கே டிரைவர் யாரும் இல்லை.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஆறு பாயிண்ட் எழுதிக் குடுத்தேன். அஞ்சாவது படிச்சீங்களா ஐயா?"

படித்தேன் என்றேன்.

"வீட்டுக்குள்ள செருப்பு போட்டீங்களா?"

அக்கா தன் வலது கையைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கினாள். ஐந்து முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதைவிட அவள் என்னை அங்கேயே நாலு அறை அறைந்திருக்கலாம்.

விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, மயிலம் ரோடு, எல்லாம் தாண்டும்வரை அக்கா கார் ஜன்னலைப் பார்த்தே வந்தாள். வீட்டு வாசலில் நான் பழக்கத்தில் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அப்போதுதான் கேட்டாள்.

"ஏன்டா சொல்லல?"

"நீ வச்ச சட்டம்க்கா அது."

"நான் வூட்டுக்கு மருவாதின்னு வச்சேன். உன் கால குடுத்துட்டு அத காப்பாத்த சொன்னனா?"

செருப்போடு உள்ளே வந்தேன். அந்த டைல்ஸ் மேல் செருப்புச் சத்தம் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. சுவர் ஓரமாக, திருடன் போல நடந்தேன். அக்கா பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ராத்திரி ரசம். உப்பு நிறைய. கோபம் இன்னும் இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

வெ.வ. 152. பனியே இல்லை.

7.50 சாந்தி போன். பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம். கால் எப்படி இருக்கு என்றாள். இருக்கு என்றேன். ஊசிக் கதை சொல்லவில்லை. திரும்பி வந்ததும் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

பேத்தி. இரண்டு முறை எழுதிப் பார்க்கிறேன். பேத்தி.

இன்றைக்கும் சுவர் ஓரமாகத்தான் நடக்கிறேன். இரண்டு முறை கழற்றிவிட்டேன், எனக்கே தெரியாமல். ஒரு முறை கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு முறை சாமி அலமாரிக்கு முன்னால். கால் மரத்துவிட்டது, ஆனால் இந்தப் பழக்கம் மட்டும் மரக்கவில்லை. இரண்டாவது முறை அக்கா பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்விட்டாள். 10.15.

11.40 திரும்பி வந்தாள். பாகற்காய், பஞ்சு, டேப். ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, நீலப் பட்டை. யாருக்கு என்று கேட்டேன். வாசல்படியில் தன் பழைய செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். புதியதைப் போட்டுக்கொண்டாள். உள்ளே வந்தாள்.

ஹால் நடுவில் நடந்தாள். டப் டப் என்று. ஓரமாக இல்லை, நட்ட நடுவில். அடுப்படிக்குப் போனாள், திரும்ப வந்தாள், என் கட்டிலைச் சுற்றி வந்தாள். முகம் இறுகிப் போயிருந்தது, நெருப்பு மிதிக்கிற ஆளுடைய முகம். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். போதும்க்கா என்றேன். கேட்கவில்லை.

அப்பா படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். காலைக் குனிந்து பார்த்தாள். கழற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கழற்றவில்லை. படத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீ கைல தூக்கினு நடந்தது போதும்பா. உன் புள்ள கால்ல போட்டுக்கினு நடக்கட்டும்."

என்னைப் பார்த்து எழுந்து நடடா என்றாள். எழுந்தேன். நடுவில் நடந்தேன்.

மதியம் பாகற்காய். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

6.40. வெ.வ. 146.

அக்கா கண்ணாடியோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். வயலிலிருந்து தூக்கிவந்து சேறு கழுவிவிட்ட காலுதானே, எனக்குத் தெரியாத காலா என்றாள். முதலில் வலது. பிறகு இடது. குதிகால், விரல் இடுக்கு, ஓரம், எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றாள்.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.