கன்னத்தால் ஏறிய பந்து

பிப்ரவரி 3, திங்கள்

கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் செருகி இன்றோடு பன்னிரண்டு நாள். நிமோனியா எனக்குக் கொடுத்த சன்மானம். மூச்சு அந்தக் குழாய் வழியாகவே போய் வருகிறது. தொண்டைக்குக் காற்று ஏறாததால் பேச்சில்லை. இருபது வருடமாகக் கடற்கரையில் மீன் ஏலம் கூறிய வில்சன், இப்போது நோட்டில் எழுதுகிறான். விக்டோரியா திசையன்விளையில் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு இப்படியொரு வாய்ப்புக் கிடைத்ததில்லை. நான் குறுக்கே பேசாத ஒரு மணி நேரத்தை முழுசாக அனுபவிக்கிறாள்.

பிப்ரவரி 5

எல்லாருக்கும் கொடுக்கும் மூன்று பந்து டப்பாவை எனக்கும் கொடுத்தார்கள். வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்து ஏறும், நெஞ்சுச் சளி இளகுமாம். என் மூச்சுதான் கழுத்தில் இருக்கிறதே! யாரும் யோசிக்கவில்லை. நானும் சொல்லவில்லை — எதால் சொல்ல? கன்னத்தைக் குழித்து, இளநீர் உறிஞ்சுவதுபோல ஒரே உறிஞ்சு. இரண்டு பந்து எகிறியது. நர்ஸ் எப்சி அட்டையில் 'மிக நன்று' என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை.

பிப்ரவரி 8

மூன்று பந்து! வார்டில் நானே முதல்.

பிப்ரவரி 11

அட்டையைப் பார்த்து டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை குழாயை எடுத்துவிடலாம் என்கிறார். என் இடத்தில் நின்று ஏலம் கூறும் மச்சினன் ஜெர்வின் வந்திருந்தான். "அத்தான், நீங்க பைய வாங்க. அங்கன ஒரு குறையும் இல்ல" என்றான். அதுதான் எனக்குக் குறை.

ஆனால் நெஞ்சு கொரகொரக்கிறது. நாலடி நடந்தால் இரைக்கிறது. உண்மையைச் சொன்னால் வெள்ளிக்கிழமை போச்சு. சொல்லாமல் குழாயை எடுத்து, மூச்சு முட்டி, மறுபடி அந்த மூச்சு மிஷினில் போட்டால்? பயமாக இருக்கு. ரொம்பப் பயமாக இருக்கு.

பிப்ரவரி 13

பிசியோதெரபி பார்க்கும் நித்யாவிடம் எழுதிக் காட்டினேன்: 'நான் இழுத்தது மூச்சால் இல்லை. கன்னத்தால்.'

இரண்டு தடவை படித்தாள். "நாங்கல்லா யோசிச்சிருக்கணும் அண்ணாச்சி, நீங்க என்ன செய்வீங்க" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பிறகு வாயில் வைக்கும் முனையைக் கழற்றிவிட்டு, ஒரு பில்டரும் சின்ன இணைப்பும் வைத்து, டப்பாவின் குழாயை என் கழுத்துக் குழாயிலேயே மாட்டினாள்.

"இப்ப இழுங்க."

இழுத்தேன். ஒரே ஒரு பந்து இருந்த இடத்திலேயே லேசாக ஆடியது. வார்டிலேயே முதல்வனின் மூச்சு அவ்வளவுதான். அழுதுவிட்டேன்.

"ஆடுதுல்லா? ஆடுதது ஏறும். அழாம இழுங்க" என்றாள் பக்கத்தில் நின்ற விக்டோரியா.

பிப்ரவரி 14

வெள்ளிக்கிழமை. குழாய் கழுத்தில்தான். எப்சி முகம் கொடுக்கவில்லை. அட்டையில்: 'பந்து ஏறவில்லை.'

பிப்ரவரி 22

ஒரு பந்து ஏறியது. கூடவே ஒரு கிண்ணம் சளி. அதைப் பார்த்து நித்யாவுக்கு என்ன சந்தோஷம்! மனுஷர் எதற்கெல்லாம் சந்தோஷப்படுகிறார்கள்.

மார்ச் 10

குழாயை எடுத்தார்கள். முதல் வார்த்தையாக 'விக்டோரியா' என்று சொல்ல நினைத்திருந்தேன். இருமல்தான் வந்தது. அவள் அதற்கே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 8

கடற்கரைக்குப் போனேன். குரல் பாதிதான் திரும்பியிருக்கிறது. இருபது வருடம் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு நாள்கூட வாயை மூடாத வியாபாரிகள், இன்று நான் கூறுவது கேட்காததால் தாங்களாகவே அடங்கினார்கள். "ஏலே, சும்மா இருங்கலே. அத்தான் கூறுதாருல்லா" என்று ஜெர்வினும் அதட்டினான்.

இரண்டு கூடை சாளை வரை மூச்சு தாங்கியது. மூன்றாவது கூடையை நானே ஜெர்வின் பக்கம் தள்ளிவிட்டேன்.