தலைப்பில் 'சிப்பி' என்றிருந்தால்

மே 3, 2000, புதன்

என் பெயரை எடுத்துவிட்டான்.

காலையில் ஒரு மீனவருக்குப் பதில் எழுதி அனுப்பப் போகும்போதுதான் கண்ணில் பட்டது. கடிதத்தின் அடியில் தானாக வந்து விழும் கையொப்பத்தில் எட்டு வருடமாக 'வெர்லா நெஸ், ஹெரான் முனை கடல் ஆய்வு நிலையம்' என்று இருந்தது. இன்று 'டுவைட் பர்டிக், ஒருங்கிணைப்பாளர்' என்று நான்கு வரி. அவன் டகோமா நகரத்திலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது.

"கையெழுத்துல என் பேர் எங்க?" என்று கேட்டேன்.

"அது நிலையத்தோட பெட்டிங்க. உங்க சொந்தப் பெட்டி இல்லியே." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப உன் பேரு மட்டும் எதுக்கு?"

"நான் ஒருங்கிணைப்பாளருங்க."

அந்த 'ங்க'! மரியாதை இல்லை அது. அழுக்குப் பொருளைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்குவது போல.

மே 4

மாற்றிவிட்டேன். என் பெயர் மேலே, அவன் பெயர் கீழே. ஒரே வரியில்.

மே 9, செவ்வாய்

நிலையத்துக்கு ஒரே மின்னஞ்சல் பெட்டி, ஒரே கடவுச்சொல். இரண்டு மேசையிலிருந்தும் திறக்கலாம். பைன் என்று பெயர் அந்த நிரலுக்கு. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, மவுஸுக்கு வேலையே இல்லை. ஒரு எழுத்தை அழுத்தினால் அமைப்புப் பக்கம் வரும். நூறு வரிக்கு மேல். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு சின்னக் கட்டம். அதில் குறி போட்டால் உண்டு, எடுத்தால் இல்லை. அந்த நூறு வரியும் எனக்கு மனப்பாடம். அவனுக்கும் மனப்பாடம் என்று இன்று தெரிந்தது.

வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறான். நான் பழைய கடிதத்தை மேலே வைப்பேன். அதிக நாள் காத்திருப்பவனுக்குத்தானே முதலில் பதில் போக வேண்டும்? இவனுக்குப் புதியது மேலே வேண்டுமாம். திருப்பி வைத்தேன். பதினொரு மணிக்குப் பார்த்தால் மறுபடி தலைகீழ். மதியம் நான். மூன்று மணிக்கு அவன். இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி தூரம். ஒரு வார்த்தை பேசவில்லை.

மே 17

ஒருவர் திறந்து வைத்திருக்கும்போது இன்னொருவர் திறந்தால், பெட்டி பின்னால் வந்தவர் கைக்குப் போய்விடும். முன்னால் திறந்தவருக்குப் படிக்க மட்டும்தான். இன்று நான் பாதிப் பதிலில் இருந்தபோது மூன்று தடவை பிடுங்கினான். நான் நான்கு தடவை.

மே 25

அவன் எழுதும் கடிதங்களின் வரி அகலத்தை நாற்பது எழுத்துக்குக் குறைத்து வைத்தேன். அதற்குக் குறைய அந்த நிரல் விடாது. டாக்டர் ஒகிமோட்டோ, எங்கள் இயக்குநர், காபிக் கோப்பையோடு வந்து அவன் மேசை முன் நின்றார்: "டுவைட், அறிக்கை கேட்டேன். நீ கவிதை அனுப்பியிருக்க."

சிரிப்பை அடக்க இருமினேன். அவன் என்னைப் பார்த்தான். பார்க்கட்டும்.

ஜூன் 6, செவ்வாய்

பதிலடி. சிப்பி வளர்ப்போர் குழு என்று ஒன்று உண்டு. ஒருவன் எழுதினால் எல்லோருக்கும் போகும். அதில் எங்கள் பெட்டியைச் சேர்த்துவிட்டான். இன்று ஒரே நாளில் எண்பத்துநான்கு கடிதம். சிப்பி விலை, சிப்பி வலை, சிப்பியைத் தின்னும் நண்டு, நண்டைத் திட்டும் ஆள்.

"எடுத்துடு," என்றேன்.

"நிலையம் நாலு பேரோட பேச வேணாமாங்க?"

"எம்பத்திநாலு வருதே. யாரு படிக்கறது?"

"படிக்காதீங்க. யாரு உங்கள வற்புறுத்தினா?"

சாயங்காலம் அண்ணன் ஆர்லனிடம் சொன்னேன். படகுத்துறையில் வேலை அவனுக்கு, என்னோடுதான் இருக்கிறான். "ஒரு மீன்தலைக்கு ரெண்டு கடற்காக்கா அடிச்சுக்கிற மாதிரி இருக்கு," என்றான். சோறு போட்டவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

ஜூன் 14

இன்னொன்று கண்டுபிடித்தேன். அழிக்கக் குறித்த கடிதங்களை, பெட்டியை மூடும்போது 'நிஜமாகவே அழிக்கவா?' என்று நிரல் கேட்கும். நான் அப்போது ஒரு பார்வை பார்ப்பேன். அந்தக் கேள்வியை நிறுத்திவிட்டான். மூடினால் சத்தமில்லாமல் எல்லாம் போய்விடுகிறது. திருப்பி வைத்தேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி எடுத்துவிட்டான். வைத்தேன். எடுத்தான். ஐந்தாவது தடவை விட்டுவிட்டேன். எனக்கும் வயது ஐம்பத்தாறு.

ஜூலை 12, புதன்

இன்று நூற்றுப்பத்து. போதும்.

விதிகள் பக்கத்துக்குப் போய் ஒரு வடிகட்டி எழுதினேன். தலைப்பில் 'சிப்பி' என்றிருந்தால் அழிக்கக் குறித்துவிடு. அவ்வளவுதான். குழுவின் முகவரியைக் கொடுத்துச் செய்வதுதான் ஒழுங்கு. அது நீளமான முகவரி. எனக்கு இருந்த கோபத்துக்கு ஒரு சொல் போதும். ஒரே நொடியில் நூற்றுப்பத்துக்கும் அழிப்புக் குறி விழுந்தது. இரண்டு மாதத்தில் இன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அவன் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவனே படிப்பதில்லை அந்தக் குழுவை! என்னை எரிச்சல்படுத்தத்தானே சேர்த்தான்.

ஜூலை 15, சனி

ஆர்லன் படகுத்துறையிலிருந்து போன் செய்தான். நிலையத்துக் கடற்கரையிலிருந்து ஹெலிகாப்டர் யாரையோ தூக்கிக்கொண்டு போனதாம். யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

டுவைட்.

நேற்றுக் காலை கடல் நன்றாக வற்றியிருந்தது. அவனும் மனைவி மார்னாவும் நிலையத்துக் கரையில் சிப்பி தோண்டினார்கள். அங்கேயே அடுப்பு மூட்டி அவித்தார்கள். மார்னா இரண்டுதான் சாப்பிட்டாள். அவன் ஒரு வாளி. முக்கால் மணி நேரத்தில் உதடு மரத்திருக்கிறது. பிறகு விரல்கள். பிறகு மூச்சு. இப்போது அக்கரையிலுள்ள பெரிய மருத்துவமனையில் இயந்திரம் அவனுக்காக மூச்சு விடுகிறது.

தோண்டுவதற்கு முன் பலகையைப் பார்த்தானாம். பச்சை. எடுக்கலாம் என்று அர்த்தம். அந்தப் பலகையை மாற்றுவது யார்? நான். கடலின் நுண்பாசியால் சிப்பியில் நஞ்சு ஏறியிருந்தால் ஆய்வுக்கூடத்திலிருந்து அஞ்சல் வரும், நான் போய்ச் சிவப்பை மாட்டுவேன். முன்பெல்லாம் போனும் செய்வார்கள். இரண்டு வருடமாக அஞ்சல் மட்டும்தான்.

அஞ்சல் வரவில்லை என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். நிஜமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் ஆய்வுக்கூடத்து ஆளை வீட்டில் பிடித்தார். வியாழன் பகல் இரண்டு பத்துக்கு அனுப்பியாயிற்று என்றாராம். வழக்கமாக 'வாரச் சோதனை முடிவு' என்று தலைப்பு இருக்கும். இந்தத் தடவை அவசரம் என்பதால் வேறு தலைப்பாம்.

என்ன தலைப்பு என்று கேட்டேன். வாய் கேட்கிறது, மனசு கேக்காதே கேக்காதேங்குது.

'உடனடித் தடை: சிப்பி எடுக்கக் கூடாது.'

டாக்டர் வெளியே போனதும் பெட்டியைத் திறந்தேன். இல்லை. எப்படி இருக்கும்? குறி விழுந்திருக்கும், வியாழன் சாயங்காலம் யாராவது மூடியிருப்போம், கேட்காமல் போயிருக்கும். அந்தக் கேள்வி இருந்திருந்தா நான் பாத்திருப்பேன். பாத்திருப்பேனா? நூறு கடிதத்துக்கு நடுவுல?

அவன்தானே கேள்விய எடுத்தான். அவன்தானே அந்தக் குழுவுல சேத்தான். அவனே தோண்டி அவனே தின்னான். நான் என்ன செய்ய?

விதிகள் பக்கத்துக்குப் போனேன். நான் எழுதிய வரி அங்கேயே இருந்தது. அழித்துவிட்டேன்.

ஜூலை 18

ஆர்லன் கேட்டான், ஏன் சாப்பிடவில்லை என்று. வயிறு சரியில்லை என்றேன்.

ஜூலை 20, வியாழன்

இயந்திரத்தை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறான். மார்னா அவன் சட்டையையும் சாவியையும் எடுக்க வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"பேச ஆரம்பிச்சதும் மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? பலக பச்சையாத்தானே இருந்துச்சு, நீயும் பாத்தல்லன்னு. பைத்தியம் பிடிச்ச மாதிரி அதையே கேக்கறாரு."

"பச்சைதான்," என்றேன்.

"உங்களுக்கு அவரப் பிடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் ஒரு தடவ வந்து பாருங்க."

வருகிறேன் என்றேன். போகவில்லை.

ஜூலை 31, திங்கள்

வந்துவிட்டான். பத்துப் பவுண்டாவது குறைந்திருப்பான். கோப்பையைப் பிடிக்கும்போது இடது கை நடுங்குகிறது. டாக்டர் மதியம் வங்கிக்குப் போனதும் என் மேசைக்கு வந்து ஒரு தாளை வைத்தான். எங்கள் அமைப்புக் கோப்பின் அச்சு. மேலே தேதி: ஜூலை 12, மாலை 5.05. நடுவில் ஒரு வரிக்குச் சிவப்புக் கோடு.

"தெனம் சாயங்காலம் ஒரு நகல் எடுத்து வெப்பேன். நீ எத மாத்தினாலும் திருப்பிப் போட," என்றான். "இந்த விதி நீ எழுதினதுதானே?"

'ங்க' போய்விட்டது. அதுதான் முதலில் காதில் விழுந்தது எனக்கு.

"கேக்காம அழிக்கற மாதிரி வெச்சது யாரு?"

"நான். அத டாக்டர்கிட்ட படுக்கையில இருந்தே சொல்லிட்டேன்."

"இதையும் சொல்ல வேண்டியதுதானே? உன்கிட்டதான் தாள் இருக்கே."

"நான் சொன்னா சண்டைக்காரன் சொன்னதாப் போயிடும். வெள்ளிக்கிழம மாவட்ட அதிகாரி விசாரிக்க வர்றாரு. உன் வாயால வரட்டும்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நீ யாருன்னு எனக்குத் தெரியும். அது போதும்."

திரும்பி நடந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 2

ஒரே பெட்டி, ஒரே கடவுச்சொல். எந்த வரியை எந்தக் கை தட்டியது என்று எந்தத் தாளும் சொல்லாது. அவனே எழுதியது என்றால்? தனக்குப் பிடிக்காத குழுவைத் தானே வடிகட்டினான் என்றால்? நம்புவார்கள். எட்டு வருடம் ஒரு பலகை தவறவிடாதவள் நான். அவன் வந்த நாலு மாதத்தில் எல்லாவற்றையும் கலைத்தவன்.

இதை எழுதும்போதே எவ்வளவு சரளமாக வருகிறது பார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3

ஆர்லனிடம் சொன்னேன். முட்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அந்தாளு செத்திருந்தா சொல்லியிருப்பியா?"

எனக்குத் தெரியவில்லை. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

சொல்லிவிட்டேன். அதிகாரி கேட்பதற்கு முன்பே. "அந்த அஞ்சல அழிச்ச விதிய எழுதினது நான். ஞாயித்துக்கெழம அந்த விதிய எடுத்ததும் நான்தான்."

ஒகிமோட்டோ கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினது சரி, புத்தி கெட்டுப்போச்சு. எடுத்தது எதுக்கு வெர்லா? அந்தாளுக்கு மூச்சு வரலைன்னு நான் பக்கத்து அறையில போன்ல கேட்டுட்டு இருந்தேனே, அப்பவா?"

"அப்பத்தான்."

அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டுவைட் சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்: "கேக்காம அழிக்கறது என் வேல. அதையும் சேத்து எழுதிக்குங்க." என்னைக் காப்பாற்றச் சொன்னதில்லை. கணக்காக இருக்க வேண்டும் அவனுக்கு, அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது படியில் நின்றிருந்தான். ஏதாவது நல்லதாகச் சொல்வான் என்று ஒரு கணம் நினைத்தேன். முட்டாள் நான்.

"நன்றி கிடையாது," என்றான்.

"நான் கேக்கல."

"மன்னிப்பும் கிடையாது."

"அதையும் கேக்கல."

ஆகஸ்ட் 14, திங்கள்

தீர்ப்பு. அஞ்சல் பெட்டி இனி அவனுடையது மட்டும். புதுக் கடவுச்சொல். ஆய்வுக்கூடத்திலிருந்து அஞ்சலோடு போனும் வரும், இரண்டும் அவனுக்கு. வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒகிமோட்டோ சம்பளத்தைக் குறைத்து என்னை வெளிவேலைக்கு மாற்றிவிட்டார். திங்கள்தோறும், சோதனைக்காகத் துறையடியில் கட்டியிருக்கும் மட்டிச் சிப்பியை எடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் படகில் அனுப்ப வேண்டும். மூன்று கடற்கரைப் பலகைகளையும் மாற்ற வேண்டும். நிலையத்தில் மற்றவர் எல்லோருக்கும் தெரியும் ஏன் என்று.

என் நாற்காலியைச் சாமான்கள் வைக்கும் காப்பறைக்கு நகர்த்தினேன். யாரும் கை கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 29

மழை. காலணிக்குள் தண்ணீர். அவன் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. தலை நிமிரவில்லை. நானும் நிற்கவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

பகல் இரண்டரைக்குக் காப்பறைப் போன் அடித்தது. ஐந்து வாரத்தில் அவன் குரலை முதல் தடவை கேட்டேன்.

"முடிவு வந்திருக்கு. ஏறியிருக்கு. மூணு கரையும் மூடணும்."

"சரி."

வண்டியை எடுத்துக்கொண்டு போய் மூன்றிலும் சிவப்பு மாட்டினேன். தெற்குக் கரையில் ஒரு குடும்பம் வாளியோடு நின்றது. வாளியைக் கவிழ்க்கும் வரை அங்கேயே நின்றேன். அந்த ஆள் திட்டினான். நானும் திட்டினேன். மூன்றே முக்காலுக்குத் திரும்பி வந்து போன் செய்தேன்.

"மாட்டியாச்சு. மூணும்."

"நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வரேன்," என்றான்.

"போய்ப் பாரு," என்றேன்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, நடுங்குகிற கையால் காரின் கதவைத் திறந்து, வடக்குக் கரைப் பக்கம் ஓட்டிப் போனான். முதலில் சுருக்கென்றது. பிறகு இல்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் போய்ப் பார்ப்பேன்.