உங்கள் வியாழக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் மாமாவும் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் போன கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்ததுமே உங்கள் மனம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் மாமாவின் கட்டிலுக்குக் கேட்கும். உங்கள் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழேதான் விழுந்துபோயிருக்கிறது. காது பாம்புக் காது. அவர் தூங்கும் நேரமாகப் பார்த்து அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லீவு ஆபீஸ்காரர் சொன்னதாக நீங்கள் எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கொடுப்பது முப்பது நாள் லீவு. நடுவில் வரும் உங்கள் வியாழக்கிழமைகளும் அந்த முப்பதுக்குள்ளேயே அடக்கம். இரண்டு பக்கமும் லீவு இருந்தால் நடுவில் மாட்டிக்கொண்ட வார விடுமுறையும் லீவுதானாம். சரி, தொலையட்டும். நீங்கள் இத்தனை மாதமாக வியாழக்கிழமைகளிலும் வேலைக்குப் போய், அந்த நாட்களையெல்லாம் சேர்த்து வைத்து லீவோடு ஒட்டிக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தீர்களே, அதுவும் கிடையாதாம். நீங்கள் உழைத்த வியாழக்கிழமை கணக்கில் வராது, வீட்டில் இருக்கப்போகும் வியாழக்கிழமை மட்டும் தவறாமல் வந்துவிடும். இந்தக் கணக்கை அந்த மனிதர் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ! அவரை ஒரு வாரம் இங்கே அனுப்பி வையுங்கள். வார விடுமுறை என்றால் என்னவென்று நான் காட்டுகிறேன்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். முதலிலேயே அந்த ஆபீஸ்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? யார் வந்து பல்லைக் காட்டினாலும் உங்கள் நாளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவர்களுக்குப் பதிலாக மெஷின் முன்னால் போய் நின்றிருக்கிறீர்கள். பாட்டில் கம்பெனியில் உங்களுக்கு 'வியாழன்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள் என்று எழுதியபோது நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஆபரேஷனை மறுபடியும் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் லீவுக்காக ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போட்டாயிற்று. போன வாரம் மாமாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து அவர் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். கர்ப்பப்பையில் இருக்கும் கட்டி இனிமேல் காத்திருக்காதாம். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை மாதத்துக்கு ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். வாளியைக்கூட விட்டுவிடலாம், மாமாவை யார் தூக்குவது? எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்களாம். எல்லோருக்கும் அனுப்புவதுதான், பயப்படாதீங்க என்று நர்ஸ் சொன்னார். நான் கேட்காமலேயே இரண்டாம் முறையும் சொன்னார்.

மாமாவிடம் சின்ன வைத்தியம் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அவரா நம்புகிற ஆள்? எத்தனை வருஷம் கண்டக்டராக இருந்தவர், முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்தவர். இப்போதும் நான் அவரைப் புரட்டியதும் "ரைட், போலாம்" என்பார். நான் தலைசுற்றி உட்கார்ந்த மறுநாள் காலையில் முதுகுப் புண்ணுக்கு மருந்து போடும்போது, சுவரைப் பார்த்தபடியே, "இந்தப் பயணிய எங்கயாவது எறக்கி விட்டுடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் பஞ்சை வீசிவிட்டு எழுந்து போய்விட்டேன். பிறகு நானே வந்து பொறுக்கினேன். வேறு யார் பொறுக்குவது?

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர்மேல் எனக்குப் பாசம் உண்டு. ஆனால் மூச்சு முட்டுகிறது. கடைக்குப் போனால் கதவை வெளியே பூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருகிறேன். பூட்டப்படுவது அவரா நானா என்று சில நாள் தெரியவில்லை. உங்களுக்கும் அங்கே அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு எழுதாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஆபீஸிலும் இதே கூத்துதான். வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் லீவு போட்டால் நடுவில் இருக்கும் சனியும் ஞாயிறும் லீவில் போய்விடுமாம். அதனால் இடையில் வரும் திங்கட்கிழமைகளில் ஆபீஸுக்குப் போய் முகம் காட்டிவிட்டு, அன்று இரவே பஸ் ஏறித் திரும்புவாராம். அந்தத் திங்கட்கிழமைகளில் மாமாவைப் புரட்டிவிடப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வருவார். இப்படி உயிரை விட்டு இழுத்தாலும் உங்கள் அக்காவால் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்க முடியும். அதுவும் ஆபரேஷன் நாளிலிருந்துதான், பின்னால் வர அவருக்கு லீவு கிடைக்காதாம்.

அதனால் நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் ஆபரேஷனுக்கு வர வேண்டாம். உங்கள் அக்கா கிளம்பும் நாளில் வந்து இறங்குங்கள். வழியில் போகிற நாட்களைக் கழித்தாலும், நான் மாமாவைத் தூக்கக் கூடாத நாட்கள் முடியும்வரை உங்கள் லீவு தாங்கும். முன்னாலேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்களானால், நான் எழுந்து நடமாடுவதற்குள் லீவு தீர்ந்து நீங்கள் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், இந்த ஒரு வழியில்தான் ஒத்துவருகிறது. நீங்கள் என்னோடு இல்லாத வழி.

இப்போது குறித்திருக்கும் தேதியைச் சொல்லவே இல்லையே. வருகிற மாதம் முதல் வியாழக்கிழமை. டாக்டரம்மா வியாழக்கிழமைகளில்தான் ஆபரேஷன் செய்வார். காலையில் முதல் ஆளாக என்னை உள்ளே அழைத்துப் போவார்களாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மெஷின் சூட்டில் நின்றுவிட்டு வந்து உடனே தலைக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள். லீவு ஆபீஸ்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், இருக்கிற முப்பது நாளாவது கையில் இருக்கட்டும். நீங்கள் நன்றாக இருந்தால்தான் நாங்கள் இருவரும் நன்றாக இருப்போம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வியாழக்கிழமையை மட்டும் யார் வந்து கெஞ்சினாலும் கொடுத்துவிடாதீர்கள். நீங்களும் வேலைக்குப் போய்விடாதீர்கள். லீவு எழுத வேண்டாம், முன்னும் பின்னும் வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஒரு நாளை யாரும் கழிக்க மாட்டார்கள். காலையில் எழுந்து, குளித்து, அறையில் சும்மா உட்கார்ந்திருங்கள். எனக்கு மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் நீங்கள் மெஷின் சத்தத்தில் நிற்காமல் என்னையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால், நான் பயப்படாமல் கண்ணை மூடிக்கொள்வேன்.

அந்த நாளை உங்களிடம் கேட்டு நிற்கும்,
உங்கள் வீட்டுக்காரி